பாடு என்கிற சொல்

மொழிபெயர்க்க முடியாத சொற்கள் என்று ஒரு பட்டியல் கொஞ்ச காலமாகச் சுற்றி வருகிறது. போர்த்துகீசியருக்கு 'சவுதாதே', வேல்ஸ்காரர்களுக்கு 'ஹிரேத்', ஜப்பானியருக்கு 'மோனோ நோ அவாரே'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு வரி விளக்கம். வாசித்து முடித்ததும் அந்த அனுபவம் நமக்கும் வந்துவிட்டது போன்ற ஒரு திருப்தி. மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழேயே மொழிபெயர்ப்பையும் தருகிற வேடிக்கையை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. தமிழின் பங்குக்கு நம்மவர்கள் 'ஊடல்' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியல்களில் சொல் ஓர் உணர்ச்சியின் பெயர்ச்சீட்டாக மட்டுமே இருக்கிறது. அதற்குச் சரித்திரம் கிடையாது. அது யாருடைய சொல், யாருக்கு அதைச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்விகள் கிடையாது. உள்மனத்தின் நுட்பம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு சொல்லின் அடியில் நிலமோ நீரோ பங்கீடோ கிடக்கக்கூடும் என்ற சந்தேகமே எழுவதில்லை. பழவேற்காடு ஏரியில் அப்படி ஒரு சொல் புழங்குகிறது. மிகச் சாதாரணமான சொல். அதனாலேயே எந்தப் பட்டியலிலும் ஏறாதது.

ஏரி என்று சொல்கிறோம். உண்மையில் கடலும் ஆறும் கலக்கும் காயல். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி நீர் ஒரு பக்கம். முகத்துவாரங்கள் வழியாகக் கடல் இன்னொரு பக்கம். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்தது இது. பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆந்திரத்தில். தெற்கு முனைதான் நமக்கு. மேற்குக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சுண்ணாம்புக்குளம். கிளிஞ்சல் அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இந்த ஏரியின் பழைய தொழில்களில் ஒன்று; ஊரின் பெயர் அதை நினைவூட்டுகிறது. இந்தக் கரையில் தமிழும் தெலுங்கும் எங்கே பிரிகின்றன என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. ஏரிக்குத் தெலுங்கில் பிரளயகாவேரி என்று பெயர். ச.வெம். ரமேஷின் 'பிரளயகாவேரி கதலு' என்ற தெலுங்குக் கதைத் தொகுதி இந்தக் கரையின் பேச்சிலேயே எழுதப்பட்டது.

வெளியுலகச் சொற்கள் இங்கே வந்து இறங்கி வெகுகாலமாகிறது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காட்டில் இருந்தார்கள். அவர்களோடு வந்த சாவி, ஜன்னல், அலமாரி, மேசை தமிழில் தங்கிவிட்டன. சவுதாதே தங்கவில்லை, கப்பலிலேயே திரும்பிப் போய்விட்டது. பின்னால் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்த்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான தலைமையை இங்கே வைத்திருந்தார்கள். கக்கூஸ் அவர்கள் தந்தது என்பார்கள். பழவேற்காடும் பதிலுக்கு அனுப்பியது. இங்கிருந்து போன கட்டம்போட்ட கைக்குட்டையால்தான் மெக்ஸிகோவில் தலைக்குட்டைக்குப் 'பாலியகாதே' என்று பெயர் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. துணியோடு அடிமைகளையும் ஏற்றிய துறைமுகம் இது. பொருள்களின் பெயர்கள் சுலபமாகக் கடல் தாண்டின. உணர்ச்சிகளின் கதை வேறு.

அதற்கு இதே ஊரில் ஒரு சாட்சியம் இருக்கிறது. ஆப்ரஹாம் ரொஜேரியுஸ் என்கிற டச்சுப் பாதிரி 1630களில் சுமார் பத்து வருஷம் பழவேற்காட்டில் இருந்தார். பத்மநாபன் என்கிற பிராமணர் அவருக்குத் துணை. இருவருக்கும் பொதுமொழி போர்த்துகீசியம். பத்மநாபன் சொல்லச் சொல்ல ரொஜேரியுஸ் எழுதிக்கொண்டது, அவர் 1649இல் இறந்தபிறகு, 1651இல் லெய்டனில் புத்தகமாக வந்தது. 'மறைந்திருந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்பதுபோல் ஒரு தலைப்பு. அதன் கடைசியில் பர்த்ருஹரியின் இருநூறு சுலோகங்கள் டச்சு உரைநடையில். சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதல் தடவை. பர்த்ருஹரியோ முந்நூறு பாடியவர். நீதியும் வைராக்கியமும் போயிற்று, சிருங்காரம் நின்றுவிட்டது. பிராமணர் அதைச் சொல்லித்தர முன்வரவில்லை என்பது வழங்கிவரும் காரணம். ஒரு கிறிஸ்தவப் பாதிரியிடம் போர்த்துகீசியத்தில் சிருங்காரத்தை விளக்கவேண்டிய சங்கடத்தை நாம் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் எது விடுபடும் என்பதை மொழிகளின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேரின் ஸ்தானமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரொஜேரியுஸ் கேட்டது பிராமணரை. கோட்டைக்கு வெளியே, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை அல்ல. கோட்டைக்குப்பம் என்று ஓர் ஊர் இன்றும் அங்கே இருக்கிறது. கோட்டை இடிந்து மேடாகிவிட்டது, குப்பம் இருக்கிறது. அதன் நீரில் இருக்கும் சொல்தான் பாடு.

முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் இறால் படும் இடங்களைப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர்; அதில் வலை கட்டும் உரிமைக்கும் அதுவே பெயர். நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றிக் கட்டும் வலை. நீர் வடியும்போது இறால் வந்து விழும். எல்லா இடமும் ஒன்றல்ல. எல்லா இரவும் ஒன்றல்ல. அமாவாசையை ஒட்டி ஓட்டம் வலுவாக இருக்கும், நடுவில் மந்தப்படும். நல்ல இடத்தை ஒருவரே வைத்துக்கொண்டால் ஊர் நிற்காது. எனவே சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று உனக்கு இந்த இடம், நாளை எனக்கு. கணக்கு தலைக்கட்டுப்படி, கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. இதே பெயரில், கொஞ்சம் வேறுபட்ட ஏற்பாடுகளோடு, கொச்சிக் காயலிலும் இலங்கையின் கரைவலைத் தொழிலிலும் இந்த முறை உண்டு. வன்னிக் கரையில் வலைப்பாடு என்று ஓர் ஊரே இருக்கிறது.

இனி அந்தச் சொல்லை அதன் மற்ற வாழ்க்கைகளோடு சேர்த்துப் பார்க்கலாம். 'என்ன பாடு படுகிறான்' என்கிறோம். 'பாடுபட்டுச் சம்பாதித்தது' என்கிறோம். 'அது உன் பாடு' என்று கைகழுவுகிறோம். 'அவன் பாட்டுக்கு இருக்கிறான்' என்கிறபோது ஒருவனுடைய தனிமையையும் சுதந்திரத்தையும் ஒருசேரக் குறிக்கிறோம். கடற்கரையில் பிடிபட்டது மீன்பாடு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினால் பெருமை, ஓசை, உறக்கம், சாவு, வருத்தம், உழைப்பு, பக்கம், இடம் என்று நீண்டுகொண்டே போகிறது. அகராதி அவற்றை எண்ணிட்டு நிறுத்திவிடுகிறது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று சொல்வது அகராதியின் வேலை இல்லைதான்.

படு என்ற வினையடி நீண்டு பாடு ஆகிறது, கெடு கேடாவதைப்போல. படுதல் என்றால் விழுதல், நேர்தல், அகப்படுதல், மேல் வந்து தொடுதல். மீன் வலையில் படுகிறது, வெயில் மேலே படுகிறது, கண்ணில் ஒன்று படுகிறது, மனதுக்கு ஒன்று படுகிறது. எனக்கு ஆச்சரியம் தருவது, தமிழ் தன் உணர்ச்சிகளில் பாதியை இந்த ஒரு வினையைக் கொண்டே சமாளித்துவிடுவதுதான். வெட்கப்படு, துக்கப்படு, ஆசைப்படு, பொறாமைப்படு, கவலைப்படு, பயப்படு, சந்தோஷப்படு. வெட்கத்தை நாம் 'கொள்வது' குறைவு; வெட்கம் நம்மேல் படுகிறது, அல்லது நாம் அதில் போய்ப் படுகிறோம். யார் வலை, யார் மீன் என்று இலக்கணம் சொல்வதில்லை. தெலுங்கிலும் இதே சங்கதி: சிக்குபடு, பயபடு, கஷ்டபடு. அங்கே 'பாடு'வின் உடன்பிறப்புக்கு வீழ்ச்சி, உழைப்பு என்பதோடு கடல்நீர் வடிதல் என்றும் ஒரு பொருள் உண்டு. சிங்களத்தில் 'பாடுவ' என்றால் நஷ்டம். ஒருவர் தன் பாட்டில் இருப்பதையும் அதே சொல்லால் 'பாடுவே' இருப்பது என்கிறார்கள். ஒரு சொல் மூன்று மொழிகளில் இப்படிக் கிளைவிட்டும் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தற்செயல் என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை.

பழைய இலக்கணம் இதை அறிந்திருந்தது. தொல்காப்பியம் உணர்ச்சிகளைப் பேசும் இயலுக்குப் பெயர் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டும் மெய்ப்பாடுகள், மெய்யில் படுபவை. உரைகாரர்கள் இதை வடமொழி ரசக் கொள்கையோடு பொருத்திப் பார்ப்பதில் மிகுந்த உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்கள். ரசம் சுவைப்பவனுடையது, மெய்ப்பாடு யார்மேல் நிகழ்கிறதோ அவருடையது. பொருத்திய இடத்தில் தையல் தெரியத்தான் செய்கிறது. நெய்தல் திணைக்குத் தொல்காப்பியம் தரும் சிறுபொழுது எற்பாடு. வெயில் சாயும் வேளை என்றே பொதுவாகக் கொள்கிறோம். கடற்கரை நிலத்தின் நேரத்திலேயே இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. கலித்தொகையின் 133ஆம் பாட்டு பண்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், பாட்டை அறிந்து நடப்பதே அது என்கிறது. அதுவும் நெய்தற்கலிதான். நம் விமர்சனத்தின் நிலை இன்னும் வேடிக்கை. ஈடுபாடு, வெளிப்பாடு, கோட்பாடு, முரண்பாடு, குறைபாடு, பண்பாடு: இவற்றை எடுத்துவிட்டால் இது போன்ற பத்திரிகைகளில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகிவிடும்.

ஆனாலும் மொழிபெயர்க்க முடியாத சொல் என்று இதைப் பீடத்தில் ஏற்றுவதற்கில்லை. ஒரு தடவை இது மொழிபெயர்ப்பில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. கிறிஸ்தவத் தமிழ் இயேசுவின் கடைசி நாட்களைப் 'பாடுகள்' என்கிறது. லத்தீனில் 'பாஸ்ஸியோ'; பட்டு அனுபவித்தல் என்பதே அதன் வினையடி. அந்த மூலத்திலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் வேட்கைக்கும் உணர்ச்சிக்கும் பெயர் வந்தது. தமிழில் 'துன்பங்கள்' என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாடுகள் என்று வந்தபோது, வலி மட்டும் அல்ல, அவருக்கென்று விதிக்கப்பட்ட ஒன்றை அவர் ஏற்றது என்பதும் கூட வந்துவிட்டது. பழவேற்காட்டில் போர்த்துகீசியர் காலத்து மாதா கோயில் உண்டு. பாடு உரிமையுள்ள ஊர்களில் ஒன்றின் பெயர் நடூர்மாதாகுப்பம். தவக்காலத்தில் பாடுகளைத் தியானிப்பதும் மற்ற நாட்களில் பாட்டுக்குச் சீட்டுப் போடுவதும் ஒரே நீர்க்கரையில்.

கிரேக்கத்திலும் ஒரு துணை கிடைக்கிறது. 'மொய்ரா' என்றால் ஊழ். அதன் பழைய பொருள் பங்கு: இறைச்சியில், நிலத்தில், கொள்ளையில் ஒருவனுக்கு வரும் பாகம். ஜார்ஜ் தாம்ஸன் தம் 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' (1941) நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். குலம் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட காலத்தின் நினைவு, பங்கு போனபிறகு விதியாக உருமாறியது என்பது அவர் வாதம். கைலாசபதி இவரிடம் பர்மிங்ஹாமில் ஆய்வு செய்தவர் என்பதால் தமிழுக்கு இந்தச் சிந்தனை அந்நியமல்ல. 'இலியட்'டில் போஸைடன் தன் பங்கைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று வருகிறது. சகோதரர்கள் மூவரும் சீட்டுப் போட்டோம், கடல் எனக்கு விழுந்தது என்கிறான். அதை அவன் சொல்வது குறையாக, ஜீயஸின் அதிகாரத்துக்கு எதிரான முறையீடாக. பங்கும் மனக்குறையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. தமிழில் 'பால்' இதே வேலையைச் செய்தது. பால் என்றால் பகுப்பு. பால் என்றால் ஊழ். தொல்காப்பியத்தின் பால்வரை தெய்வம் பங்கு வரைந்து கொடுக்கும் தெய்வம். 'முறை'யும் அப்படியே: சுற்றி வரும் முறை, ஊழின் முறை. மொய்ராவும் பாலும் நூலகத்துக்குப் போய்விட்டன. பாடு மட்டும் ஓர் ஏரியில் இன்னும் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பாடு எந்த அனுபவத்தின் பெயர் என்று கேட்டால், முகத்துவாரத்தைத்தான் காட்டவேண்டும். மணல் தள்ளி அது தூர்ந்துபோகும் வருஷங்கள் உண்டு. கடல் உள்ளே வராது, ஓட்டம் நிற்கும், இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறாது. சீட்டு நியாயமாக விழுகிறது, முறை தவறாமல் வருகிறது, நல்ல இடமே கிடைக்கிறது. வலை கனமில்லாமல் வருகிறது. பாடு உண்டு, மீன்பாடு இல்லை. இதை ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. ஏமாற்ற அங்கே ஒருவரும் இல்லை. துக்கம் என்பதும் பெரிய சொல். உரியது வந்து சேர்ந்தது, அது இதுவாக இருந்தது. இந்த நிலைக்குத் தமிழ் தனியாக ஒரு சொல்லைத் தேடவில்லை. பங்கைச் சொன்ன சொல்லையே திருப்பிப் பிடித்தது. எதிரெதிர்ப் பொருள்கள் ஒரே ஆதிச் சொல்லில் குடியிருப்பது பற்றி ஃப்ராய்ட் 1910இல் எழுதிய கட்டுரை இங்கே பலருக்கு நினைவு வரும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பங்கும் வதையும் எதிரெதிர் என்று நமக்குத் தோன்றுவது, பங்கைச் சம்பளமாக, மாதம் பிறந்தால் வருவதாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான்.

இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்து விலை ஏறிய 1970களுக்குப்பின் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஏரிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களது ஆங்கிலத்தில் பாடு அப்படியே, மொழிபெயர்க்காமல், சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் விளக்கம்: சுழற்சி முறையில் நீர்ப்பரப்பைப் பயன்படுத்தும் பாரம்பரியச் சமூக மேலாண்மை. தவறில்லை. அரசாங்கம் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வதற்கும் சந்தையிடம் விட்டுவிடுவதற்கும் மாற்றாக ஜனங்களே நடத்தும் நியாயமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று காட்ட அந்த ஆய்வுகள் பயன்பட்டன. அது சிறிய காரியம் அல்ல. பாடுபடுதல் அந்த விளக்கத்தில் வரவில்லை. வந்திருந்தால் இன்னொரு கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

ஏனென்றால் பாடு எல்லோருக்கும் இல்லை. பட்டினவர் சாதியைச் சேர்ந்த ஒருசில ஊர்களுக்கே அந்த உரிமை. ஏரியை நம்பியிருக்கும் தலித்துகளுக்கு இல்லை, இருளர்களுக்கு இல்லை. மற்ற ஊர்களின் மீனவர்கள், உரிமையுள்ளவர்கள் தொடாத இடத்தில், தொடாத வலையில் பிடித்துக்கொள்ளவேண்டும். தலைக்கட்டுக் கணக்கில் பெண் இல்லை. ஏரியைச் சுற்றி நெருக்கடியும் கூடிக்கொண்டே வந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்து, 1960இல் எல்லை திருத்தப்பட்டபின், நீரின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அதைத் தாண்டினதாக வலையைப் பிடுங்குவதும் படகைப் பிடிப்பதும் இன்றுவரை ஓயவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்து 1971இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. தீவிலிருந்த யானாதிகளும் மீனவர்களும் வெளியேற, ஏரிக்கரையில் கைகள் கூடின. ஏவும் நாட்களில் கடலுக்குப் போகத் தடை. தெற்கே அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள்.

பங்கு சுருங்கச் சுருங்க, பாடு இல்லாத ஊர்கள் பாடு கேட்கத் தொடங்கின. 1980களிலிருந்து இதில் கைகலப்பும் வழக்கும் பேச்சுவார்த்தையும் மாறிமாறி நடந்திருக்கின்றன. அந்தக் கோரிக்கையைத் தமிழில் எப்படிச் சொன்னாலும் 'எங்களுக்கும் பாடு வேண்டும்' என்றுதான் வரும். பேச்சுவழக்கில் இது அபத்தமான வாக்கியம். பாடு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. போதும் என்றுதான் சொல்வார்கள். இந்த ஏரியில் கேட்டார்கள். சொல்லின் ஒரு பாதி ஏற்கெனவே அவர்களிடம் வேண்டிய மட்டும் இருந்தது. மறுபாதியைத்தான் கேட்டார்கள்.

இருளப் பெண்கள் இறால் பிடிப்பதற்கு வலையும் இல்லை, கழியும் இல்லை, சீட்டும் இல்லை. ஏரியின் ஓரங்களிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் இடுப்பளவு நீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி, விரலில் படும் இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். கிளிஞ்சல் விரலைக் கிழிக்கும். மணிக்கணக்கில் நீரில் இருப்பதால் தோல் வெளுத்துச் சுருங்கும். படுதல் என்ற வினை அதன் எல்லாப் பொருளிலும் இங்கே நடக்கிறது. ஆனால் அவர்கள் தடவும் இடத்துக்குப் பாடு என்று பெயர் கிடையாது.